வாரம் ஒரு படகு

“படகு வாரத்துக்கு ஒரு தடவைதானே? நடுவுல எதுவும் வராதே?” மூன்றாவது முறையாகக் கேட்டாள் புதுப்பெண்.

“வராதும்மா. கிரேக்கத் தீவுகள்லயே ரொம்ப அமைதியானது இதுதான். கடல், ஒரே ஒரு சின்ன விடுதி, நாலு பூனை. அவ்வளவுதான்” என்றாள் டிராவல்ஸ்காரி.

தேனிலவு ஜோடிகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பழகிவிட்டது. நாற்காலிகளை இழுத்து ஒட்டிப் போட்டுக்கொள்வதிலேயே கல்யாணமாகி எத்தனை வாரம் என்று சொல்லிவிடுவாள். இவர்களுக்கு ஆறு. கேட்டும் பார்த்தாள்; ஆறேதான்.

ஆனால் கேட்டவைதான் தினுசாக இருந்தன. மாடி அறை வேண்டாமாம். மெத்தை கெட்டியாக இருக்க வேண்டுமாம். காலை நடைக்கு மேடு பள்ளமில்லாத பாதை வேண்டுமாம். இந்த வயதிலேயே முட்டிவலியா என்று மனதுக்குள் உச்சுக்கொட்டினாள்.

“விசா வந்ததும் கிளம்பற முதல் படகுலயே போடுங்க” என்றான் மாப்பிள்ளை. “டிக்கெட்டை மாத்தவே முடியக்கூடாது. நினைச்சா திரும்பி வர்ற கதையே வேண்டாம்.”

அவன் கைப்பேசி அடித்தது. “சொல்லும்மா... மிக்சி மூடியா? மேல் தட்டுல பாரு.”

வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். “வீட்டுல மொத்தமே ரெண்டு ரூம். நடுவுல பலகைத் தடுப்பு. நாங்க இந்தப் பக்கம் தும்மினா, அந்தப் பக்கத்துலேருந்து அப்பா ‘மாத்திரை போட்டியா’ன்னு கேக்கறார். கல்யாணமானதுலேருந்து சேர்ந்தாப்போல பத்து நிமிஷம் தனியாப் பேசினதில்லை மேடம்.”

அவளுக்கு மனசு இளகிவிட்டது. “பதினாலு நாள் ஆசை தீரப் பேசுங்க. பாஸ்போர்ட் குடுங்க.”

பிரித்துப் பார்த்தவள் விழித்தாள். ஒன்றில் நரைமீசைக்காரர் ஒருவர். மற்றதில் நரைத்த கொண்டையோடு ஓர் அம்மாள்.

“என் மாமனார், மாமியார்” என்றாள் புதுப்பெண், முகம் சிவந்துபோய். “ஹனிமூனுக்கு அவங்களை அனுப்பிட்டு நாங்க வீட்டுல இருக்கப் போறோம்.”

“அவங்களுக்குத் தெரியாம பீரோவுலேருந்து சுட்டுட்டு வந்தோம்” என்றான் மாப்பிள்ளை. “எங்களோடது ரெண்டையும் அங்க காணோம். போனாப் போகுது, நாங்க எங்கேயும் போகலையே!”

விழுந்து விழுந்து சிரித்தபடியே பெயர்களைத் தட்டிப் பதிவை முடித்தாள். “ஆச்சு. இனி ஆண்டவனே வந்தாலும் இதை ரத்து பண்ண முடியாது.”

டீ குடித்துவிட்டு வந்த பக்கத்து மேசைக்காரர் திரையையும் பாஸ்போர்ட்டுகளையும் எட்டிப் பார்த்தார்.

“அட, இவங்களா! நேத்து நீ லீவுல இருந்தப்ப வந்தாங்க. ‘மருமக வந்ததுலேருந்து கௌரவம் பார்த்துப் பார்த்து, நாங்க ரெண்டு பேரும் வாய்விட்டு ஒரு சண்டைகூடப் போட முடியலை’ன்னு அந்த அம்மா அழாத குறைதான்.”

மாப்பிள்ளை மெதுவாக எழுந்து நின்றான்.

அவரோ சாவகாசமாகத் தன் இழுப்பறையைத் திறந்து, விசாவுக்காக வைத்திருந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளை மேசைமேல் வைத்தார். புதுப்பெண் அவற்றில் ஒன்றில் தன் முகத்தையே பார்த்தாள்.

“மகனுக்கும் மருமகளுக்கும் பரிசாம். இதே தீவு, இதே படகு, இதேபோல ரத்து பண்ண முடியாத டிக்கெட்” என்றார் அவர். “அந்த விடுதியில மொத்தமே ரெண்டு ரூம்தாங்க, நடுவுல பலகைத் தடுப்பு.”