ஜன்னலுக்கு வெளியே சிவப்பு

“டாக்வுட் செடி ஒண்ணு வேணும்மா. எங்க வீட்டுல இருக்கற அதே சிவப்புல,” என்றார் எம்ரிஸ்.

நாற்றுப்பண்ணைக்காரி நெஸ்டா முன்வரிசையைக் காட்டினாள். நவம்பர் மழையில் இலையெல்லாம் கொட்டி, வெறும் தண்டுகள் சிவந்து நின்றன. “இதுல எது புடிச்சிருக்கோ எடுத்துக்குங்க, ஐயா.”

“என் வீட்டுக்காரிக்குப் புடிக்கணுமே. முழங்கால் வலி, கார்லயே உக்காந்துட்டா. வீட்டை வித்துட்டு வெள்ளிக்கிழமை ஃபிளாட்டுக்குப் போறோம். அங்கயும் ஜன்னல்ல அது தெரியணும் என் குவெண்டாவுக்கு.”

“அவ்வளவு ஆசையா?”

எம்ரிஸ் குடையை மடக்கினார்.

“கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலம். அவ அம்மா வீட்டு வாசல்ல இந்தச் செடி செக்கச்செவேல்னு நிக்குமாம். இங்க எங்க பாத்தாலும் ஒரே சாம்பலா இருக்குன்னு அழுதா. நான் சந்தைக்குப் போய் நானே பொறுக்கி வாங்கிட்டு வந்து நட்டேன். அடுத்த வருஷம் இலை கொட்டினதும் ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போனேன். செடியையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா. அப்புறம் என்னைக் கட்டிக்கிட்டு, ‘நெருப்பாட்டம் எரியுது எம்ரிஸ்’னா. அம்பத்திநாலு வருஷமா முதல் பனி விழுந்தா அதையேதான் சொல்றா.”

“அப்ப அந்த நிறம் உங்களுக்கே நல்லாத் தெரியுமே. நீங்களே எடுங்க.”

எம்ரிஸ் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குப் பொறவியிலயே சிவப்பும் பச்சையும் ஒண்ணுதாம்மா. அன்னிக்கு ஏதோ அதிர்ஷ்டம், சரியா அமைஞ்சிடுச்சு. இதுவரைக்கும் அவகிட்ட சொன்னதில்ல. தெரிஞ்சா, நானும் சேர்ந்து ரசிச்சதெல்லாம் நடிப்புன்னு நினைச்சுப்பா.” கோட்டுப் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய குச்சியை எடுத்து நீட்டினார். “அதுலேருந்து வெட்டினது. நீயே ஒத்துப்பாத்துக் குடு.”

நெஸ்டா காகிதத்தைப் பிரித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவர் தோளுக்கு மேலாகக் காரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கண்ணாடியை இறக்கிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்த குவெண்டா, உதட்டின் மேல் விரலை வைத்திருந்தார்.

“கடைசி வரிசைல இருக்குங்க ஐயா. அதே சிவப்பு,” என்று சொல்லிவிட்டு நெஸ்டா, இளம்பச்சைத் தண்டுகள் நின்ற பக்கம் நடந்தாள்.