ஆயுசுக்கும் பத்திரம்

“அடுத்தவன் வீட்டு ஞாபகத்தை வச்சு வியாபாரம் பண்றீங்களே, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கெல்லாம்?”

ஸ்டூடியோக்காரன் போனில் போட்ட கூச்சலில் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. மகனுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வாங்க வந்த தையல்கடை அக்கா, உள்ளே வைத்த காலை எடுப்பதா வேண்டாமா என்று நின்றுவிட்டாள்.

“வாங்கக்கா, உங்களைச் சொல்லலை.” போனைப் பொத்திக்கொண்டான். “நான் எடுத்த கல்யாண வீடியோ எல்லாத்தையும் ஒரு கம்பெனியோட கிளவுட்ல போட்டு வச்சிருக்கேன். பழசைப் பூட்டி வைக்கிற கிடங்கு மாதிரி. இப்போ அந்தக் கிடங்கையே மூடறாங்களாம். வருஷக் கடைசிக்குள்ள வேற இடம் பாருங்க, இல்லேன்னா அழிச்சிடுவோம்கறாங்க!”

“அடப்பாவிகளா!”

“உங்க வீடியோ போனப்போ பட்ட பாடு போதும்னுதானேக்கா, அதுக்கப்புறம் எல்லாத்தையும் அங்க கொண்டுபோய் வச்சேன்?”

அக்கா உள்ளே வந்து மேஜையருகே நின்றாள்.

இந்தக் கடை எடுத்த முதல் கல்யாணமே அவளுடையதுதான். இன்றைக்கும் ‘முதல் போணி அக்கா’ என்றுதான் கூப்பிடுவான். அந்த வீடியோவில் அவள் அப்பா ஒரே ஒரு இடத்தில் வருவார். “என்னை எதுக்குய்யா எடுக்கறே? பொண்ணை எடு, போ!” என்று கேமராவை அதட்டுவார். மறுவருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அதட்டல் ஒன்றுதான் அவர் குரல் என்று மிச்சம்.

வீட்டிலிருந்த சிடி கீறிப் பாழானதும் இவனிடம்தான் ஓடி வந்தாள். “கடை ஹார்ட் டிஸ்க்கும் செத்துப் போச்சுக்கா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், இவளே டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றிவிட்டுப் போனாள்.

“விடாதே தம்பி. நல்லாக் கேளு” என்றாள் இப்போது.

அவன் ஸ்பீக்கரைத் தட்டினான்.

“சார், புது சேவைக்கு மாத்திக்கலாம். போன வருஷத்துலேர்ந்து மெயில் அனுப்பிட்டே இருக்கோமே” என்றது ஒரு பெண்குரல்.

“மெயில் பார்க்கறதா என் பொழப்பு? மூடறது நீங்க. புது இடத்தை ரெண்டு வருஷத்துக்குச் சும்மா குடுங்க.”

“முதல் மாசம் வேணா இலவசமாத் தரலாம் சார்.”

“பிச்சை போடறீங்களா? ஊர் ஜனத்தோட கண்ணீரும்மா இது! சரி, ஒரு வருஷம். அதுக்குக் கீழே ஒரு நாள் இறங்க மாட்டேன்.”

“அதுக்கு வழியில்லை சார்.”

அவன் அக்காவின் காதருகே குனிந்தான். “நீங்க ஒரு வார்த்தை பேசுங்கக்கா. அப்பா கதையை எடுத்து விடுங்க. பொம்பளைக்குப் பொம்பளை, இளகிடும்.” கண்ணைச் சிமிட்டிவிட்டு, போனை அவள் கையில் திணித்தான். போட்டோ வெட்டுகிற மிஷின் பக்கம் போனான்.

அக்காவுக்குச் சிமிட்டலெல்லாம் தேவைப்படவில்லை. துணி விற்க வரும் மொத்த வியாபாரியையே வாசலோடு திருப்பி அனுப்புகிற வாய் அது.

“ஏம்மா, காசை வாங்கிப் போட்டுக்கும்போது தேனா இனிச்சுது, இப்போ கசக்குதா? எவன் வீட்டுக் குரலை அழிக்கறோம்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தியா? போனா திரும்புமா? எங்க அப்பா குரலைத் தொலைச்சுட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். இந்தக் கடையோட முதல் கல்யாணமே என்னுதுதான். அந்த டிஸ்க் செத்துப்போச்சுன்னு இந்தத் தம்பி எப்படி அழுதான் தெரியுமா? அவனுக்கு இருக்கற மனசு உங்க கம்பெனிக்கு இருக்கா?”

மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது.

“முதல் கல்யாணம்னா... ‘முதல் போணி’ன்னு பேர் போட்டிருக்கே, அதுவாம்மா?”

வெட்டுகிற மிஷின் நின்றது.

“அது எங்கேயும் போகலையேம்மா. இங்கதான் இருக்கு. சார் போட்டு வச்சதுலயே பழசு அதுதான். எடுக்கச் சொல்லிக் கேட்டா ஒரு நாள்ல வந்துடும், கொஞ்சம் கட்டணம் ஆகும், அவ்வளவுதான். ஆனா சார் இத்தனை வருஷத்துல ஒண்ணைக்கூட எடுக்கச் சொல்லிக் கேட்டதே இல்லையே.”

ஸ்டூடியோக்காரன் பாய்ந்து வந்தான். “அக்கா, போனைக் குடுங்க. அது வேற ஏதோ வீடியோக்கா. அதுவும் இல்லாம, ஒவ்வொருத்தருக்கா எடுத்துக் குடுக்கறதுன்னா எவ்வளவு தலைவலி தெரியுமா...”

அக்கா போனைக் கொடுக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் தலைக்கு மேலே, பளபளவென்று விளக்குப் போட்ட பலகை: ‘உங்கள் நினைவுகள் எங்களிடம் ஆயுசுக்கும் பத்திரம்.’

“பத்திரமாத்தான் வச்சிருக்கே” என்றாள். “எனக்கே தெரியாம.”

நாற்காலியை இழுத்தாள். வாசலுக்குக் குறுக்கே போட்டு, காலை ஊன்றி உட்கார்ந்தாள்.

“ஒரு நாளா? இருக்கேன். அந்த அதட்டல் என் காதுல விழற வரைக்கும் நானும் எழுந்திருக்க மாட்டேன், நீயும் ஷட்டரை இறக்க மாட்டே. டீ வாங்கிக் குடுத்துத் தேத்தினேனேடா உன்னை! அடுத்தவன் வீட்டு ஞாபகத்தை வச்சு வியாபாரம் பண்ணினது போதும். எடுடா எங்கப்பாவை வெளியே!”