கறை படாத மெக்கானிக்

"இந்த சம்பந்தம் வேணாம்" என்றாள் ஜெயம்மாள். பெண் பார்க்க வந்தவர்களை அனுப்பிவிட்டு, விரித்த பாயைக்கூட இன்னும் சுருட்டவில்லை.

மாணிக்கவாசகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் ஜெயா? பையன் லட்சணமா இருக்கான். சொந்தமா மெக்கானிக் கடை வெச்சிருக்கான். நம்ம ப்ரியாவுக்கும் புடிச்சிருக்குது."

"கடை வெச்சிருக்கான், சரி. வேலை செய்யறானா? காபி குடுக்கச்சொல்ல கையைப் பார்த்தேன். நகக்கண்ணுல ஒரு பொட்டு கருப்பு இல்ல. மெக்கானிக் கையா அது? பேங்க் மேனேஜர் கை!"

"கழுவிக்கினு வந்திருப்பான்."

"இன்ஜின் ஆயில் ஒரு கழுவல்ல போவுமா? பெரிய மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் கை பளபளன்னு இருந்துது. பிசினஸ்னு சொன்னாரு."

உள்ளேயிருந்து பெரிய மாப்பிள்ளையின் குரல் வந்தது. "அத்தை, எனக்கும் ஒரு காபி!"

"கேட்டுக்கோங்க" என்றாள்.

நியாயமான கோபம்தான். ஆடிக்கு அழைத்த மாப்பிள்ளை, பொங்கல் வந்தும் ஊர் திரும்பவில்லை.

சின்னவள் ஜெயப்ரியா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் தாங்காமல், மறுநாள் மாணிக்கவாசகம் அந்தப் பையன் சிவபாலனின் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் பெருமையோடு திரும்பி வந்தார்.

"கண்ணால பார்த்தேன் ஜெயா! ஓயாம வேலை செய்யறான். ஆயில் மாத்த வர்ற வண்டிக்கெல்லாம் அடியில ஒரு குட்டிக் குழாய் மாட்டி வெச்சிருக்கான். வால்வாம். முன்னெல்லாம் நட்டைக் கழட்டினா பழைய ஆயில் முழங்கை வரைக்கும் வழியுமாம். இப்போ டியூபைச் சொருகி லீவரைத் திருப்பினா, அதுபாட்டுக்கு கேன்ல இறங்குது. ஒரு சொட்டு சிந்தல. கைக்கு கிளவுஸ் வேற!"

"நல்லா இருக்குதே! கையில அழுக்குப் படக்கூடாதுன்னு மெனக்கெட்டு குழாய் மாட்டறவன், நாளைக்கு என் பொண்ணுக்கு ஒழைச்சு சோறு போடுவானா? சொகுசுப் பேர்வழி. நீங்க சும்மா இருங்க. நானே போய்ப் பக்குவமா சொல்லிட்டு வந்துடறேன்."

"அம்மா, வேணாம்மா..." ஜெயப்ரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உன் நல்லதுக்குத்தான்டி. ஒருத்தி வாழ்க்கையைப் பார்த்துக்கினு இருக்கறது போதாதா?"

மறுநாள் காலை பிள்ளையார்பாளையத்தில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, சொல்ல வேண்டியதெல்லாம் ஜெயம்மாளுக்கு வாயில் தயாராக இருந்தது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனம் கோணாது.

சிவபாலன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தை அடைத்துக்கொண்டு தறி. அவன் அம்மா காமாட்சியம்மாள் நெய்துகொண்டிருந்தாள். அவள் நெசவு செய்பவள் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் அவளை ஒட்டி உட்கார்ந்து, சேலையின் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தது சிவபாலன்!

"வாங்க அத்தை" என்று எழுந்தவன், நாற்காலி போட்டுவிட்டுக் காபி வாங்கிவர ஓடினான்.

"தம்பிக்குத் தறி வேலையும் தெரியுமா?"

"காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி எனக்காக உட்கார்றான்மா" என்றாள் காமாட்சியம்மாள். "சேலை உடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டையும் கோர்க்க ரெண்டு ஆள் வேணுமே. அவங்கப்பா இருந்தவரைக்கும் அவர் உட்காருவாரு. அவர் போனப்புறம் இவன் உட்கார்ந்தான். விரல்ல இருந்த ஆயில் பட்டு ஒரு முகூர்த்தப் புடவையே வீணாப் போச்சு. 'நீ தறி பக்கமே வராதே'ன்னு திட்டிட்டேன். மறுவாரமே எங்கேயோ தேடிப் புடிச்சு, வர்ற வண்டிக்கெல்லாம் அந்த வால்வை மாட்ட ஆரம்பிச்சுட்டான். அம்மா தனியா உட்காரக் கூடாதாம்."

இந்தப் பிள்ளையைப் போயா அப்படிப் பேசினோம் என்று ஜெயம்மாளுக்கு வெட்கமாக இருந்தது.

"திடீர்னு வந்திருக்கீங்களே, என்ன விஷயம்மா?" கேட்ட காமாட்சியம்மாளின் முகத்தில் லேசாகப் பயம்.

"ஒண்ணுமில்ல சம்பந்தி! தட்டு எப்போ மாத்திக்கலாம்னு கேட்டுட்டுப் போகத்தான் ஓடியாந்தேன்."