பத்ரியின் பிஸ்டல்

என் டிபன் பாக்ஸில் கோழி இருந்தால், பத்ரி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவான்.

"ஒரு உயிரைக் கொன்னு எப்படிடா ஆதிஃப் உனக்குத் தொண்டைல இறங்கறது?" என்று டெக்ஸாஸில் எங்கள் இர்விங் ஆபீஸே கேட்கும்படி சொல்வான். பிறந்தநாள் கேக்கைக்கூட, முட்டை உண்டா என்று விசாரித்துத்தான் தொடுவான்.

அவன் கார் சர்வீஸில் இருந்த சனிக்கிழமை, துப்பாக்கிக் கடைக்கு என்னை டிரைவ் பண்ண வைத்தான். வழி முழுக்க, வாங்கப்போகும் புது பிஸ்டலைப் பற்றிப் பாடம்.

"பழைய மாடல்ல குறி பாக்கற இரும்பு சைட்டைக் கண்ணைச் சுருக்கிப் பாக்கணும். குறில சிவப்புப் புள்ளி காட்டற ரெட் டாட் மாட்டணும்னா, பிஸ்டலோட மேல்பாகம், அந்த ஸ்லைடை வெளில குடுத்து வெட்டணும். இது ஃபேக்டரிலயே வெட்டி வர்றது. பிளேட்டைப் போட்டு சைட்டை மாட்டினா முடிஞ்சுது. உனக்கெல்லாம் எங்க புரியப் போறது!"

"அதால எதைடா சுடப் போறே?"

"சீ! நான் சுடறதா? வீட்டுப் பாதுகாப்புக்கு."

"நாம விசால இருக்கோம். நமக்கு விக்க மாட்டாங்களே?"

"அதுக்கெல்லாம் வழி இருக்கு" என்று இளித்தான்.

கவுண்டரில் இருந்த அமெரிக்கர் விசாவைப் பார்த்துவிட்டு, "இந்த விசாவுக்கு, அந்த ஒரு லைசென்ஸ் இருந்தாத்தான் விக்க முடியும்" என்றார்.

பத்ரி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்து, எழுத்து தெரியாமல் கவிழ்த்து நீட்டினான்.

அவர் திருப்பிப் படித்தார். முகம் மலர்ந்தது.

"ஓ, வேட்டை லைசென்ஸ்! மான் அடிப்பீங்களா, காட்டுப்பன்றியா?" என்று கடையே கேட்கும்படி விசாரித்தார்.

"ரெண்டும்தான்" என்றான் பத்ரி.