அஞ்சு நட்டு

பழைய கார் வாங்கிய முதல் ஞாயிறே பஞ்சர். குழந்தைக்கு மொட்டை போட வல்லக்கோட்டைக்குக் கிளம்ப வேண்டும். பேச்சிராஜ் ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை வரிசையாக முடுக்கினான்.

"இன்னா பாஸ், பக்கத்துப் பக்கத்துல டைட் பண்ணினு போற? ஒண்ணு பண்ணா, அடுத்து எதிர்ல கீறத பண்ணணும். இல்லாங்காட்டி வீலு கோணலா உக்காந்துக்கும்," என்றான் பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாக வந்த ஷேர் ஆட்டோக்காரன் ஜாக்சன்.

பேச்சிராஜ் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, அவன் சொன்னபடி மறுபடியும் முடுக்கினான்.

"ஏங்க, நல்லா இறுகிட்டா?" என்றாள் சுகப்பிரியா, இடுப்பில் குழந்தையோடு.

"தெரியலையே."

"தெரியலையா? புள்ளைய ஏத்தவா, வேண்டாமா?"

அவள் நேராகப் போய் ஜாக்சனின் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள்.

"வுடு பாஸ், போகப் போகப் பழகிடும்," என்று ஜாக்சன் ஆறுதல் சொன்னான். "ஆமா, நீ இன்னா வேலை செய்யற?"

"கார் கம்பெனியில வீல் நட்டு முடுக்குறேன்."

ஜாக்சன் சிரித்துவிட்டான். பேச்சிராஜ் சிரிக்கவில்லை.

"அங்க அஞ்சு நட்டையும் மெஷினே ஒண்ணாப் புடிச்சு முடுக்கிரும், அண்ணே. பச்சை லைட் எரிஞ்சா வண்டிய அனுப்பிருவேன். எம்புட்டு முடுக்கினா போதும்னு என் கைக்குத் தெரியாது."