வேன் கிளம்பட்டும்

“இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்துவராதுன்னு அன்னிக்கே சொன்னேன், கேட்டீங்களா?”

வேனை விட்டு இறங்கியதுமே ஆண்டாள் கணவர் கலியமூர்த்தியிடம் ஆரம்பித்துவிட்டாள்.

கூட வேலை பார்க்கும் பூங்குழலியைத்தான் கட்டுவேன் என்று மகன் ராஜவேல் பிடிவாதம் பிடித்ததால்தான் இந்த நிச்சயதார்த்தம். இவர்கள் நெல்லும் மாடுமாக வாழ்கிறவர்கள். பெண் வீடு அனுமந்தை பக்கம் கடற்கரைக் குப்பத்தில். ஒரு நல்ல சாக்கு கிடைத்தால் போதும், எல்லாவற்றையும் முறித்துவிடலாம் என்று ஆண்டாள் காத்துக்கொண்டிருந்தாள்.

கலியமூர்த்தி கரையைப் பார்த்தார்.

“நல்ல புதன்கிழமை. கடல்ல ஒரு போட்டு கூட இல்ல பாரு. அத்தினியும் மணல்ல ஏறி நிக்குது. அறுப்பு நேரத்துல நம்ம ஊர்ல எவனாவது இப்பிடிக் குந்திக்கினு இருப்பானா? சோம்பேறிப் பசங்க.”

இறால் வாங்கிப் போகலாம் என்று வீட்டிலிருந்து பை வேறு கொண்டுவந்திருந்தார் மனிதர். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு.

பெண்ணின் அப்பா தங்கராசு ஓடிவந்து வரவேற்றார். பந்தல் இருந்தது, பாட்டு இல்லை. தெருவில் அத்தனை பேர் நின்றார்கள், ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை.

“என்னாங்க இது, ரேடியோ கூட இல்லியா? எங்க புள்ளைக்குப் பொண்ணு குடுக்க ஊருக்கே இஷ்டமில்லியா?” என்றாள் ஆண்டாள்.

“அய்யய்யோ, அப்பிடியெல்லாம் இல்லீங்க சம்பந்தியம்மா. வாங்க, நேரம் போவுது, தட்டு மாத்திடலாம்.”

தட்டு மாற்றினார்கள். உடனே பந்தி போட்டார்கள். பாயசம் ஊற்ற வந்தவள் பக்கத்து வீட்டு வேலம்மாள். பெண் பார்க்க வந்த அன்று ஆண்டாளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசிச் சிரித்தவள். இன்று தலையே நிமிரவில்லை.

“ஏம்மா, அன்னிக்கு அந்தச் சிரிப்பு சிரிச்ச. இன்னிக்கு ஏன் மூஞ்சிய இப்பிடித் தூக்கி வச்சிக்கினு இருக்கற? நல்லது நடக்குற எடத்துல கொஞ்சம் சிரிச்சா என்னா?”

பந்தியே கப்சிப்பென்று ஆனது. வேலம்மாள் நிமிர்ந்து சிரித்தாள்.

“தலைவலிங்க, வேற ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?”

கை கழுவுவதற்குள் தங்கராசு வந்து நின்றார். “டிரைவர் சாப்பிட்டுட்டாருங்க. கிளம்பலாங்களா?”

ஆண்டாளுக்கு வந்ததே கோபம்! வேன் நகர்ந்ததும் வெடித்தாள்.

“பாத்தீங்களா, தொரத்தாத கொறையா அனுப்புறாங்க! தட்டு மாத்திட்டா ஆச்சா? ஊருக்குப் போனதும் ஆள் வுட்டு வேணாம்னு சொல்லிடுங்க.”

முன் சீட்டில் இருந்த ராஜவேல் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. கலியமூர்த்தி சரி என்று தலையை ஆட்டினார். முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

உப்பளத்தை ஒட்டிய குறுகலான ரோட்டில் எதிரே ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றிருந்தது. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய நீளமான பெட்டி. வழி விடச் சொல்லி வேன் ஹாரன் அடித்தது. அந்த வண்டிக்காரன் இறங்கி, வேனில் இருப்பது யார் என்று தெரியாமல், ஜன்னலோரம் இருந்த ஆண்டாளிடம் வந்தான்.

“யம்மா, உள்ள இருந்துதானே வர்றீங்க? மாப்ள வூட்டுக்காரங்க கிளம்பிட்டாங்களா?”

“ஏம்பா?”

“காலையில இருந்து என்னை இங்கியே நிறுத்தி வச்சிட்டாங்கம்மா. ஃப்ரீசர் பாக்ஸ் எடுத்தாந்திருக்கேன். சாவு வூடு. அரசப்பன்னு ஒருத்தரு, விடியக்காலம் வலை இழுக்கும்போது நெஞ்சு வலி வந்து கரையிலயே போயிட்டாராம். ஊர்ல ஒருத்தர் தவறிட்டா இங்க ஒரு போட்டும் எறங்காது, தெரியுமில்ல?”

வேனுக்குள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

“அப்ப ஏன்பா ஒரு அழுகைச் சத்தம் கூடக் கேக்கல?” என்றார் கலியமூர்த்தி.

“அழக் கூடாதுன்னு அவரு பொண்டாட்டிதான் சொல்லிடுச்சாம். மாப்ளையோட அம்மா இந்தச் சம்பந்தமே புடிக்காம வர்றாங்களாம். சாவுன்னு காதுல வுழுந்தா அபசகுனம்னு பொண்ணை வேணாம்னுடுவாங்க, அந்த வேன் கிளம்பட்டும், அது வரைக்கும் ஒருத்தரும் வாயைத் தொறக்காதீங்கன்னு ஊரையே அடக்கி வச்சிருக்குது. அது மட்டுமா? தான் இல்லன்னா அந்தம்மா எங்கன்னு கேப்பாங்கன்னு, பொணத்தை உள்ள வச்சிப் பூட்டிட்டு, பந்தியில பாயசம் ஊத்தப் போயிருக்குதாம் அந்த வேலம்மா!”

“தீட்டு! சாவு வூட்டுக் கையால சாப்பிட்டிருக்கோம்!” என்று பதறினார் கலியமூர்த்தி. “ஆண்டாளு, நீ கேட்ட சாக்கு கெடைச்சிடுச்சு. டிரைவர், ஓரமா ஒடிச்சு எடுப்பா.”

ஆண்டாள் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். வந்த வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

வேலம்மாள் அப்போதுதான் தன் வீட்டுப் பூட்டைத் திறந்திருந்தாள். பின்னால் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆண்டாளைப் பார்த்ததும் சட்டென்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் திரும்பினாள். சிரித்தாள்.

“என்னா சம்பந்தியம்மா, எதனா மறந்துட்டீங்களா?”

“சிரிக்காத தாயே! என்னைப் பாத்து சிரிக்காத!”

ஆண்டாள் அவளைக் கட்டிக்கொண்டு தெருவே அதிர அழுதாள். விடியற்காலையிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்த அந்தக் குப்பத்தில், முதல் ஒப்பாரி வைத்தவள் மாப்பிள்ளையின் அம்மா.