வேலைநிறுத்த நாளில் ஒரு ஸ்கூட்டர்

நேப்பிள்ஸ் ரயில் நிலைய வாசலில் ஓர்னெல்லா தவித்து நின்றாள். வேலைநிறுத்தம். மெட்ரோ இல்லை, பஸ் இல்லை. கைப்பேசியும் அணைந்துவிட்டது. வடக்கே மலைநாட்டிலிருந்து வந்தவளுக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது.

ஸ்கூட்டரில் வந்த ஒருவனைக் கை நீட்டி மறித்தாள்.

"மேட்டு மேல இருக்கிற ஆஸ்பத்திரியில விட்டுடுப்பா. என் பையன் அங்க இருக்கான்."

"ஏறுங்கம்மா. இந்தக் கார்மினே ஓட்டினா காத்துகூடப் பின்னாலதான் வரும்."

சந்துகளில் புகுந்து பறந்தான்.

"விளக்கு சிவப்பா இருக்கே."

"எங்க ஊர்ல அது அலங்காரத்துக்கு வெச்சதும்மா. பையனுக்கு என்ன?"

"பைக்குல விழுந்துட்டான். தலையில அடி."

"கவலைப்படாதீங்க. நேரத்துக்குப் போயிட்டா பிழைச்சுக்கலாம்."

"இன்னும் வேகமாப் போப்பா" என்று மட்டும் கெஞ்சினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் ஓட, மனசு கேட்காமல் கார்மினேயும் பின்னால் ஓடினான். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் டாக்டர் நின்றிருந்தார். அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மெஷினை நிறுத்திடலையே டாக்டர்?"

"இல்லம்மா. நீங்க வந்து பார்க்கணும்னுதான் காத்திருந்தோம்."

"மூளைச்சாவுன்னு சொல்லிட்டீங்க, என் பையன் திரும்ப மாட்டான்னு தெரியும். நேத்து போன்ல முடியாதுன்னு சொல்லிட்டேன். இப்ப சம்மதம், அவன் இதயத்தை எடுத்துக்குங்க. யாரோ ஒரு பொண்ணு காத்திருக்கான்னீங்களே, அவ உயிரோடதானே இருக்கா?"

"இருக்காம்மா."

அப்போதுதான் ஓர்னெல்லா அழுதாள்.